கேம்பர் டிரெய்லர்: ஏசியைக் கடைசியில் பாருங்கள்

உங்கள் கேள்வியின் சாரம் இது: சென்னை வேளச்சேரியில் வசிக்கிறீர்கள். காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும், இரண்டு பேர் படுக்கக்கூடிய, ஒற்றை ஆக்சில் கொண்ட பழைய ஃபைபர் கேம்பர் டிரெய்லரை வாங்கியிருக்கிறீர்கள். முக்கால் டன் விண்டோ ஏசி, லித்தியம் பேட்டரி, சோலார் பேனல், சிங்க், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகியவற்றை நீங்களே பொருத்த ஆசைப்படுகிறீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஏலகிரியிலும் தங்கத் திட்டம். எதில் தொடங்குவது, சாமான்களை எங்கே வாங்குவது?

பட்டியலில் முதலில் எழுதியிருப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் வேலை வண்டியின் அடியில் இருக்கிறது. பாயை விரித்துக் கீழே படுத்து, டார்ச் அடித்துப் பார்க்காமல் உள்ளே ஒரு திருகுகூட முடுக்க வேண்டாம். கொக்கியிலிருந்து ஆக்சில் வரை போகும் இழுவைச் சட்டத்தின் வெல்டிங் மூட்டுகள், கமான் பட்டையின் கண்கள், யு போல்ட்டுகள் ஆகிய இடங்களில் துரு செதிலாக உரிகிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். வெளியே பெயிண்ட் புதிதாக இருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். விற்பவர்கள் பெயிண்டுக்குச் செலவழிப்பார்கள், பேரிங்குக்குச் செலவழிக்க மாட்டார்கள்.

வேளச்சேரி என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்த வண்டி எங்கே நின்றது? சக்கரம் தண்ணீரில் மூழ்கியிருந்தால் பேரிங்கில் நீர் புகுந்திருக்கும். கிரீஸ் பால் நிறத்தில் வெளுத்திருந்தால் அதுவே சாட்சி. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ சுழற்றும்போது அரைக்கும் ஒலி வந்தாலோ பேரிங்கையும் ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். நிறுத்தியே வைத்திருந்த டிரெய்லர்களில் டயர் தேயாமலே கெட்டுப்போகும். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டயரை நான் நம்புவதில்லை.

அடுத்தது எடை. வண்டியை இப்போது இருக்கும் நிலையிலேயே ஏதாவது எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். மாதவரம், மணலி பக்கம் லாரிகளுக்கான மேடைகள் நிறைய உண்டு. பிறகு வீட்டில், தரை சமமான இடத்தில், கொக்கியின் கீழே மரக்கட்டையை நிறுத்தி, அதன் அடியில் ஆள் எடை பார்க்கும் தராசை வைத்து மூக்கு எடையை, அதாவது கொக்கியின் மேல் இறங்கும் எடையைப் பாருங்கள். லாரி மேடையின் துல்லியம் இதற்குப் போதாது. மொத்த எடையில் பத்து சதவீதத்தை ஒட்டி மூக்கு எடை இருப்பது நல்லது. 600 கிலோ வண்டிக்கு 60 கிலோ. அது குறைந்தால் வேகம் கூடும்போது டிரெய்லரின் வால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் காரையும் சேர்த்துப் புரட்டக்கூடியது.

இப்போது உங்கள் ஏசியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். முக்கால் டன் விண்டோ ஏசி ஏறக்குறைய 40 கிலோ. அதைப் பின்சுவரில் வைக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும், ஏனென்றால் அங்கேதான் இடம் இருக்கிறது. ஆக்சிலுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டரில் 40 கிலோவை ஏற்றினால், ஆக்சிலுக்கு மூன்று மீட்டர் முன்னால் இருக்கும் கொக்கியிலிருந்து 20 கிலோ குறைந்துவிடும். 60 கிலோ மூக்கு எடை 40 ஆகிறது, மொத்த எடையோ 640 ஆகிறது. பத்து சதவீதம் ஆறாகிவிட்டது. இதை யாரும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. செங்கல்பட்டு தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் பிடிக்கும்போதுதான் தெரியும்.

இங்கேயே சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறையில் டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். அதன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. மெத்தை, விசிறி, திரை, அலமாரி போன்றவற்றால் அந்த விவரங்கள் மாறப்போவதில்லை. நீளத்தை வெட்டி ஒட்டுவது, ஆக்சிலை மாற்றுவது, கூரையை உயர்த்துவது எல்லாம் வேறு வகை. அவற்றைத் தொடும் எண்ணம் இருந்தால் வெல்டிங் பட்டறைக்குப் போவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் முதலில் பதிவுச் சான்றைத்தான் புரட்டும். காரின் கையேட்டில் இழுவைத் திறன் எவ்வளவு என்று போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். டிரெய்லர் இழுக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் கேள்வியே வேறு.

இனி வெயில். சென்னையில் டிரெய்லருக்குள் வெப்பம் முக்கியமாகக் கூரை வழியாகத்தான் இறங்குகிறது. இந்த ஊர் 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். பக்கச் சுவருக்குச் செய்யும் செலவைக் கூரைக்குச் செய்யுங்கள். மொட்டை மாடிக்கு அடிக்கும் வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சை டிரெய்லர் கூரைக்கும் அடிக்கலாம். அடிப்பதற்கு முன் பழைய மெழுகையும் அழுக்கையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மழையில் உரிந்துவிடும்.

உள்கூரைக்கு 25 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகை, அதாவது வெப்பம் தடுக்கும் பாலிஸ்டைரீன் நுரைப் பலகை. மூன்று மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலக் கூரைக்கு அது ஐந்து கிலோகூட வராது. எடைக்கும் பலனுக்கும் இதைவிட நல்ல பேரம் இந்த வண்டியில் வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் கடைக்காரர் தரும் சாதாரண ரப்பர் பசையைத் தடவினால் பலகை உங்கள் கண் முன்னாலேயே கரைந்து குழிவிழும். அந்தப் பசையில் உள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். பாலியூரிதேன் வகைப் பசையைக் கேட்டு வாங்குங்கள். அடுப்புக்கு அருகே மட்டும் இந்தப் பலகை வேண்டாம், அது எளிதில் தீப்பற்றும்.

ஐரோப்பியர்களின் காணொளிகளைப் பார்த்து வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவர்கள் ஈரம் தடுக்கும் தாளைச் சுவரின் உட்பக்கம் ஒட்டச் சொல்வார்கள். அவர்கள் ஊரில் உள்ளே வெப்பம், வெளியே குளிர், ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். நமக்கோ வெளியேதான் சூடும் புழுக்கமும். ஏசி ஓடும்போது வெளி ஈரம் உள்ளே ஊடுருவி, குளிர்ந்திருக்கும் உட்பலகையின் பின்பக்கத்தில் நீராகக் கோக்கும். அவர்கள் சொன்ன இடத்தில் தாளை ஒட்டினால் அந்த நீர் வெளியேற வழியின்றிப் பூஞ்சையாகிவிடும். உங்கள் ஃபைபர் ஓடே ஈரத்தைத் தடுக்கும் சுவர். அதில் உள்ள விரிசல்களையும் பழைய திருகுத் துளைகளையும் அடைத்தால் போதும்.

அந்த விரிசல்களுக்குக் கார் டிங்கரிங் கடைக்குப் போகாதீர்கள். அங்கே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துத் தருவார்கள், அடுத்த மேட்டில் மறுபடி விரியும். காசிமேட்டிலும் கோவளம் பக்கத்துக் குப்பங்களிலும் ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டதால், கண்ணாடி இழை மேட்டை ரெசின் பசையில் நனைத்து ஒட்டும் வேலையில் அவர்களுக்கு நிகரான கை சென்னையில் வேறு எங்கும் இல்லை என்பது என் எண்ணம். அலையில் அறைபடும் படகைச் சரிசெய்பவருக்கு உங்கள் டிரெய்லர் விளையாட்டு. நீங்களே செய்வதானால் விரிசலை இருபுறமும் சரிவாகத் தேய்த்து அகலப்படுத்தி, சிறிய துண்டு முதல் பெரிய துண்டு வரை மேட்டை அடுக்கடுக்காக ரெசினில் நனைத்து ஒட்ட வேண்டும். முகமூடி கட்டாயம். மழை ஈரம் உள்ள நாளில் தொடாதீர்கள், ரெசின் சரியாக இறுகாது.

கூரையில் ஒரே ஒரு துளைக்கு மட்டும் நான் சம்மதிப்பேன்: 12 வோல்ட் கூரை விசிறிக்கு. சூடான காற்று மேலே தேங்குகிறது, அதை வெளியே தள்ளி, நிழல் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்தால் புழுக்கத்தில் பாதி போய்விடும். துளையைச் சுற்றி உள்ளே சட்டம் கொடுத்து, ப்யூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்து, மேலே பாலியூரிதேன் சீலன்ட் போடுங்கள். சாதாரண சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அது பிடிவிட்ட பிறகு அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது, பெயிண்டும் நிற்காது. எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை. இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் மூவாயிரம் ரூபாய் விளக்கு வாங்கிவிட்டு வலையை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாடித் தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் பச்சை நிழல்வலையில் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி நின்றதும் கூரைக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டு இழுத்துக் கட்டினால் உள்ளே இருப்பவருக்கு உடனே வித்தியாசம் தெரியும். இங்கேதான் சோலாருடன் சண்டை வருகிறது. பேனலுக்கு வெயில் வேண்டும், உங்களுக்கு நிழல் வேண்டும். கூரையில் நிரந்தரமாகப் பொருத்தினால் இரண்டில் ஒன்றை இழப்பீர்கள். அதனால் மடக்கி வைக்கும் 100 வாட் பேனல்கள் இரண்டை, பத்து மீட்டர் வயருடன் வைத்துக்கொண்டு, வண்டியை வேப்பமரத்தடியிலும் பேனலை வெட்டவெளியிலும் வைப்பதையே சிபாரிசு செய்வேன். கூரையில்தான் வேண்டும் என்றால் வளையும் வகைப் பேனலை நேரடியாக ஒட்டாமல், கெட்டியான சட்டமுள்ள பேனலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்திப் பொருத்துங்கள். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் பேனலின் உற்பத்தி ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும், அடியில் காற்று ஓடினால் அந்த இழப்பு குறையும், பேனலே கூரைக்குக் குடையாகவும் ஆகும்.

மின்கணக்கை இப்போது போடலாம். 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1280 வாட் மணி இருக்கிறது, எடை 12 கிலோ அளவு. அதே வேலைக்கு வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி என்றால் 50 கிலோவைத் தாண்டும், அதிலும் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். எனவே லித்தியம் வாங்கும் உங்கள் முடிவு சரி. 12 வோல்ட் விசிறி ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர் எடுக்கும், எட்டு மணி நேரத்துக்கு 12 ஆம்பியர் மணி. இரண்டு விசிறி, விளக்கு, கைப்பேசி சார்ஜ் எல்லாம் சேர்ந்தாலும் பேட்டரியில் பாதிகூடத் தீராது. 100 வாட் பேனல் நம் வெயிலில் நாளுக்கு 350 முதல் 400 வாட் மணி தரும், இரண்டு பேனல் போதும்.

ஏசி ஓடும்போது 800 வாட் எடுக்கும். இன்வெர்ட்டர் இழப்பையும் கழித்தால் அந்தப் பேட்டரியில் ஒன்றரை மணி நேரம்கூட வராது. கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடுவதாக வைத்தாலும் இரவு முழுவதற்கும் இப்படி நான்கு பேட்டரியாவது வேண்டும். அவற்றை மறுநாள் நிரப்பப் பத்துப் பன்னிரண்டு பேனல் வேண்டும், உங்கள் கூரையில் அத்தனைக்கும் இடம் இருக்காது. ஏசி வேண்டுமானால் தங்கும் இடத்தில் 230 வோல்ட் மின்சாரம் இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். அதற்கும் பின்சுவர் வேண்டாம். ஆக்சிலுக்கு நேர் மேலே தாழ்வான அலமாரிக்குள், சூடான காற்று முழுதும் வெளியேறும்படி தடுப்பு வைத்துப் பொருத்த முடியுமா என்று பாருங்கள். அது முடியாவிட்டால் தரையில் வைத்து எடுத்துச் செல்லும் போர்ட்டபிள் ஏசி. அது விண்டோ ஏசியைவிடத் திறன் குறைந்தது, சத்தமும் அதிகம், ஆனால் மார்கழி மாதத்தில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம்.

வெளி மின்சாரம் எடுக்கும் இணைப்பில் மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம், வண்டியின் இரும்புச் சட்டத்தை எர்த் வயருடன் இணைப்பதும் கட்டாயம். ஈரத் தரையில் நிற்கும் இரும்புச் சட்டம், யாரோ போட்ட பழைய பிளக் பாயின்ட், வெறுங்கால் ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இந்த 230 வோல்ட் பகுதியை மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

12 வோல்ட் பகுதியை நீங்களே செய்யலாம், ஆனால் வீட்டு வயரிங் பழக்கம் இங்கே உதவாது. ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் பொருளுக்கு 10 ஆம்பியர் போகிறது என்றால், போக வரப் பத்து மீட்டர் வயர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 1.3 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும், 12 வோல்ட்டில் அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். 4 சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட்டுக்குள் அடங்கும். ரிச்சி தெருவில் விலை குறைவாகத் தரும் வயரைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திரும்பக் கொடுத்துவிடுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முதல் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான், பேட்டரியை ஒட்டிய வயரில் அது இல்லையென்றால் இருந்தும் பயனில்லை. கார் ஓடும்போது பேட்டரியை நிரப்ப நினைத்தால் கார் தரும் மின்னழுத்தத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி டு டிசி சார்ஜர் போடுங்கள். புதிய கார்களின் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும், நேரடியாக இணைத்த வயரில் லித்தியம் நிரம்பாது. பேட்டரியைத் தரைக்குக் கீழே தொங்கும் பெட்டியில் வைக்காதீர்கள். காரணம் உங்களுக்கே தெரியும், வேளச்சேரி.

அலமாரிக்கு மரம் வாங்கப் பெரியமேட்டில் சைடன்ஹாம்ஸ் சாலைக்குப் போங்கள். ஐஎஸ் 710 முத்திரையுள்ள நீர் தாங்கும் பிளைவுட்டைக் கேளுங்கள், ஆனால் தச்சர் சொல்லும் 18 மில்லிமீட்டருக்குத் தலையாட்டாதீர்கள். எட்டுக்கு நான்கு அடிப் பலகை 18 மில்லிமீட்டரில் 35 கிலோ அளவு வரும், 9 மில்லிமீட்டரில் அதில் பாதி. அலுமினியச் சட்டத்தில் 9 மில்லிமீட்டர் பலகையைப் பொருத்தினால் இந்த வேலைக்குத் தாராளம். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை பக்கமே போகாதீர்கள், ஐப்பசி மழையில் அப்பளமாக உப்பிவிடும். திருகுகள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. கடலோரத்தில் அதிகம் நிறுத்துவதானால் 304 தரத்தைவிட 316 தரம் நல்லது, அலுமினியத்தைத் தொடும் இடங்களில் நைலான் வாஷர் போடுங்கள். உப்புக் காற்றில் இரண்டு உலோகமும் உரசி நின்றால் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். விளக்கு, மடக்கு இருக்கை, கீல் போன்ற பழைய சாமான்களுக்குப் புதுப்பேட்டை, புதிய கார் உதிரிகளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை.

தண்ணீர்த் தொட்டி வேண்டாம். நம் தெருவில் வரும் 20 லிட்டர் கேனே தொட்டி. கேன் மூடியில் ஒரு குழாய், 12 வோல்ட் சிறிய பம்ப், சிங்க், அவ்வளவுதான். எந்த ஊரிலும் காலிக் கேனைக் கொடுத்து நிறைந்ததை வாங்கலாம், பாசி பிடிக்காது, கழுவ வேண்டியதில்லை, வண்டி ஓடும்போது ஆக்சிலுக்கு மேலே நகர்த்தி வைக்கலாம். 60 லிட்டர் நிரந்தரத் தொட்டி என்பது தொட்டியின் எடை போக 60 கிலோ. பாதி நிரம்பியிருந்தால் அது அலம்பி வண்டியையும் ஆட்டும்.

கழிப்பறைப் பெட்டி வாங்குவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். அதன் 20 லிட்டர் கொள்ளளவு காகிதம் பயன்படுத்துபவர்களுக்காகக் கணக்கிட்டது. நம்மைப்போல் தண்ணீர் ஊற்றினால் இரண்டு பேருக்கு ஒரே நாளில் நிரம்பிவிடும், வழியில் கொட்ட வசதியான இடமும் கிடைக்காது. நள்ளிரவு அவசரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, வீட்டுக் கழிப்பறையில் கொண்டுவந்து கொட்டுவதே சரி.

சமையல் வெளியே. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில், நீங்கள் படுத்திருக்கும் மட்டத்தில் தேங்கும். ஐந்து கிலோ சிலிண்டரை இழுவைச் சட்டத்தின் மேல், அடிப்பக்கம் திறந்த பெட்டியில் வையுங்கள், மூக்கு எடைக்கும் அது உதவும். அடுப்பைப் பக்கவாட்டில் மடக்கு மேசையில் வைத்தால் தாளிக்கும் புகை மெத்தையில் ஏறாது.

வேலையின் வரிசை மழையைப் பொறுத்தது. ஃபைபர், கூரை, சீலன்ட் எல்லாம் செப்டம்பருக்குள் முடிய வேண்டும். முடித்ததும் ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்கார, இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் அரை மணி நேரம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் உள்ளே உட்கார்ந்து வயரிங்கும் அலமாரியும் செய்யலாம். பொங்கலுக்குப் பிறகு எல்லாச் சாமானையும் ஏற்றி மறுபடி எடைமேடை, மறுபடி தராசு. முதல் ஓட்டம் மாமல்லபுரம் வரை போதும். போய்ச் சேர்ந்ததும் சக்கர நட்டுகளை ஸ்பானர் போட்டு முடுக்குங்கள், கழற்றிப் பூட்டிய சக்கரம் முதல் ஐம்பது நூறு கிலோமீட்டரில் தளர்வது வழக்கம். ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் கை பொறுக்காத சூட்டில் இருந்தால் அந்தப் பேரிங்கை மறுபடி திறக்க வேண்டும். ஏலகிரியின் பதினான்கு வளைவுகளுக்கு இதற்குப் பிறகு போகலாம். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள், டிரெய்லரில் தனி பிரேக் இல்லையென்றால் அந்த எடையையும் உங்கள் காரின் பிரேக்தான் தாங்குகிறது. கொல்லிமலைக்கு எழுபது வளைவுகள். அங்கே டிரெய்லரை அடிவாரத்தில் விட்டுவிட்டுக் காரில் மட்டும் ஏறுங்கள்.